67 வயதில் முதல் இழுப்பு: ஈசினோபில் 112 என்றால் நியூட்ரோபில் வகை ஆஸ்துமாவா?

தாலுகா_ஓபி:

தாலுகா மருத்துவமனையில் கிடைக்கும் சோதனைகளை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டிய கேஸ் ஒன்று. வயதான பிறகு தொடங்கும் ஆஸ்துமாவில் அழற்சியை (ஈசினோபில், நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களில் எது மிகுந்திருக்கிறது என்று) வகை பிரித்துப் பழகியவர்கள் கருத்துச் சொல்லுங்கள்.

பெண், வயது 67, உயரம் 150 செ.மீ., எடை 48 கிலோ. சிறுவயதில் இழுப்பு கிடையாது, குடும்பத்திலும் இல்லை. புகைப்பழக்கம் இல்லை, ஆனால் 30 வருடத்துக்கு மேல் விறகடுப்பு. மூன்று வருடமாக விட்டு விட்டு இருமல். விடியற்காலை மூன்று மணி வாக்கில் நெஞ்சு இறுக்கம், வீசிங். மூக்கடைப்பு எப்போதும் உண்டு. தாளிக்கும் வாசனைகூடத் தெரிவதில்லை என்கிறார். கால் வீக்கம் இல்லை, எக்கோ நார்மல், எக்ஸ்ரேயில் தழும்போ நிழலோ இல்லை. சளியில் காசநோய்க்கான சிபிநாட் நெகட்டிவ்.

ஸ்பைரோமெட்ரி (ஊதும் காற்றை அளக்கும் சோதனை), போன வாரம் எடுத்தது: எஃப்இவி1 (முதல் விநாடியில் ஊதும் காற்று) 0.98 லிட்டர், கணிப்பு 1.58. எஃப்விசி (முழுதாக ஊதும் காற்று) 1.62, இரண்டின் விகிதம் 0.60. சால்புட்டமால் (மூச்சுக்குழாய் விரிப்பான்) 4 பஃப் கொடுத்து 15 நிமிடம் கழித்து எஃப்இவி1 1.17, எஃப்விசி 1.75, விகிதம் 0.67. இந்த வயதுக்கு விகிதத்தின் கீழெல்லை 0.66 என்று மெஷின் அச்சிடுகிறது.

ரத்தமும் சளியும் நேற்று எடுத்தவை. மொத்த வெள்ளணு 11,200, ஈசினோபில் 1%, அதாவது 112. மொத்த ஐஜிஇ (ஒவ்வாமை எதிர்பொருள்) 140. சளி கிராம் ஸ்டெயினில் "சீழ் செல்கள் நிறைய", கல்ச்சரில் எதுவும் வளரவில்லை.

இப்போது போய்க்கொண்டிருப்பவை: பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு மாத்திரை) 30 மி.கி. இன்றோடு நான்கு நாள், டெரிபிலின் ரிடார்ட் (தியோஃபிலின் வகை மாத்திரை) இருவேளை, பியூடசொனைடு-ஃபார்மோட்டிரால் ரோட்டாகேப் (ஸ்டீராய்டும் குழாய் விரிப்பானும் சேர்ந்த, உள்ளிழுக்கும் பவுடர்) இருவேளை, இரவில் மான்டிலுகாஸ்ட். வீட்டில் நெபுலைசர் வாங்கி, மாஸ்க் போட்டு டியோலின் (குழாய் விரிக்கும் மருந்து) வைக்கிறார்கள்.

கேட்க நினைப்பது: எஃப்இவி1 200 மி.லி. ஏறவில்லை, விகிதமும் 0.70-க்குக் கீழேயே நிற்கிறது. சிஓபிடி (முழுதாகத் திறக்காத, நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) என்று எழுதிவிடலாமா? ஈசினோபில் குறைவு, சளியில் சீழ் செல் என்பதை வைத்து நியூட்ரோபில் வகை என்று முடிவு செய்து, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டைக் குறைத்து அசித்ரோமைசின் தொடங்கலாமா? ரோட்டாகேப் எட்டு மாதமாகப் போகிறது, பலன் இல்லை.

நெஞ்சகம்_எம்டி:

முதலில் அந்த 112-ஐ ஒதுக்கி வையுங்கள். அது நோயைக் காட்டவில்லை, பிரெட்னிசோலோனைக் காட்டுகிறது. வாய்வழி ஸ்டீராய்டு உள்ளே போன சில மணி நேரத்திலேயே ரத்த ஈசினோபில் சரியத் தொடங்கும். அதே மருந்து ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிடக்கும் நியூட்ரோபில்களை ஓட்டத்தில் இறக்கிவிடும், எலும்பு மஜ்ஜையிலிருந்தும் இறக்கும். 11,200 என்று ஏறி நிற்பதற்கும் ஈசினோபில் 1% என்று இறங்கி நிற்பதற்கும் ஒரே காரணம் போதும்.

ஸ்டீராய்டுக்கு முந்தைய ஏதாவது ஒரு ரத்தச் சோதனையைத் தேடுங்கள். 67 வயதுக்காரருக்கு எங்காவது ஒரு சிபிசி இருக்கும்: கண் ஆபரேஷனுக்கு முன், பல் பிடுங்கும் முன், காய்ச்சலுக்கு. சதவீதத்தைப் பார்க்காதீர்கள், மொத்த வெள்ளணுவோடு பெருக்கிப் பாருங்கள். எதுவும் கிடைக்காவிட்டால், பிரெட்னிசோலோன் முடிந்து குறைந்தது இரண்டு வாரம் கழித்து, காலையில், திரும்ப எடுங்கள். ஒரு தடவை குறைவாக வந்தால் நம்ப வேண்டாம். மூன்று தடவை வரை பார்க்கலாம். நாளுக்கு நாள் மாறும் எண் அது. ஒரே நாளிலும் விடியற்காலை அதிகமாகவும் நண்பகலில் குறைவாகவும் இருக்கும்.

சிஓபிடி விஷயம். 12% கூடவே 200 மி.லி. என்பது 2005-ஆம் ஆண்டின் அளவுகோல். 0.98-லிருந்து 1.17 என்றால் 190 மி.லி., 19%. உயரம் குறைந்த, வயதான பெண்ணிடம் 200 மி.லி. எதிர்பார்ப்பது அவருடைய நுரையீரலின் அளவைத் தண்டிப்பதுதான். புதிய ஐரோப்பிய-அமெரிக்க அளவுகோல் கணிப்பு மதிப்பில் 10%-க்கு மேல் ஏறினால் போதும் என்கிறது. உங்கள் நோயாளிக்கு 190-ஐ 1,580-ஆல் வகுத்தால் 12%. பாசிட்டிவ்.

0.70 என்ற நிலையான எல்லையும் முதியவர்களிடம் ஏமாற்றும். நுரையீரலின் மீள்தன்மை வயதோடு குறைவதால் நோயில்லாதவர்களுக்கே விகிதம் 0.70-க்குக் கீழ் போகலாம். உங்கள் மெஷினே கீழெல்லை 0.66 என்கிறது. மருந்துக்கு முன் 0.60, அடைப்பு உண்டு. மருந்துக்குப் பின் 0.67, எல்லைக்குள் வந்துவிட்டது. இதைச் சிஓபிடி என்று எழுதினால் அடுத்து பார்க்கும் மருத்துவர் டியோட்ரோபியம், இன்டகேட்டரால் என்ற குழாய் விரிப்பான்களை மட்டும் எழுதி ஸ்டீராய்டை விட்டுவிடுவார். ஆஸ்துமாவில் அது ஆபத்து. விறகடுப்பு இருப்பதால் இரண்டும் கலந்திருக்க வாய்ப்புண்டு, மறுக்கவில்லை. கலந்திருந்தாலும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு நிற்கக் கூடாது.

அன்று காலை ரோட்டாகேப் இழுத்துவிட்டு வந்து ஊதினாரா? ஃபார்மோட்டிரால் 24 மணி நேரம் நிறுத்தியிருக்க வேண்டும். இழுத்துவிட்டு வந்திருந்தால் 190 என்பதே குறைத்துக் காட்டிய எண்.

இன்னொன்று, கண் சொட்டு மருந்து ஏதாவது போடுகிறாரா? பிரஷர் மாத்திரை எது? மூட்டு வலிக்கு என்ன வாங்கிச் சாப்பிடுகிறார்? இந்த மூன்றையும் நீங்கள் எழுதவில்லை.

ஸ்லைடு_பார்ப்பவர்:

சளி அறிக்கையைப் பற்றி மட்டும். கிராம் ஸ்டெயினில் "சீழ் செல்கள் நிறைய" என்பது அழற்சியின் வகையைச் சொல்லும் அறிக்கை அல்ல. மாதிரி கல்ச்சருக்குத் தகுதியானதா, எச்சில் கலந்ததா என்று பார்க்கப் போடும் குறிப்பு அது. அந்தச் சாயத்தில் ஈசினோபிலையும் நியூட்ரோபிலையும் நம்பிப் பிரிக்க முடியாது. இரண்டுக்கும் மடல் மடலாகப் பிரிந்த உட்கரு, ஈசினோபிலின் செந்துகள்கள் கிராம் சாயத்தில் தெரியாது. பச்சையாகத் துப்பும் சளி எல்லாமே கிருமியால் வந்ததும் அல்ல. ஈசினோபில் நிறைந்த சளியும் மஞ்சள், பச்சையாக வரும்.

வகை பிரிக்க வேண்டுமானால் சளியை முறைப்படி வரவழைக்க வேண்டும். முன்னதாகச் சால்புட்டமால் கொடுத்து, உப்பு நீரை நெபுலைசரில் வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு எஃப்இவி1 பார்த்து, 20% விழுந்தால் நிறுத்திவிட வேண்டும். எடுத்த சளியை இரண்டு மணி நேரத்துக்குள் கோழையைக் கரைத்து, சாயமிட்டு, செல்களை எண்ண வேண்டும். ஈசினோபில் 3%-ஐத் தொட்டால் ஈசினோபில் வகை. உங்கள் நோயாளிக்கு எஃப்இவி1 ஒரு லிட்டருக்கும் கீழே. செறிவான உப்பு நீரில் மூச்சுக்குழாய் சுருங்கிவிடும், சாதாரண 0.9% சலைனில்தான் தொடங்க வேண்டும். தாலுகா அளவில் இதற்கு மெனக்கெட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஸ்டீராய்டு இல்லாதபோது எடுத்த ரத்த எண்ணே முக்கால்வாசி பதிலைச் சொல்லிவிடும்.

நியூட்ரோபில் வகை என்ற முத்திரையிலும் சிக்கல் உண்டு. 61%, 64%, 76% என்று மையத்துக்கு மையம் எல்லை மாறுகிறது, பெரும்பாலும் இளையவர்களை வைத்து வகுத்தவை. ஆஸ்துமாவே இல்லாத முதியவர்களின் சளியிலும் நியூட்ரோபில் கூடுதலாகத்தான் இருக்கும். வயதாக ஆக உடம்பில் ஐஎல்-6, டிஎன்எஃப் போன்ற அழற்சிப் புரதங்கள் மெல்லிய தணலாகக் கனன்றுகொண்டே இருக்கின்றன. மூச்சுக்குழாயின் நுண்முடிகள் சளியைத் தள்ளும் வேகம் குறைகிறது. தேங்கிய சளியில் ஹீமோஃபிலஸ் போன்ற கிருமிகள் தங்குகின்றன. விறகுப் புகையும் நியூட்ரோபிலை இழுக்கும். இதற்கெல்லாம் மேல், ஸ்டீராய்டே நியூட்ரோபில்களின் இயல்பான சாவைத் தள்ளிப்போடுகிறது. ஆக நியூட்ரோபில் கூடியிருக்கிறது என்றால் வயது, புகை, தொற்று, மருந்து இவற்றைக் கழித்த பிறகே ஆஸ்துமாவின் கணக்கில் எழுதலாம்.

ஐஜிஇ 140 என்பதால் அலர்ஜி இல்லை, அதனால் ஈசினோபில் வகை இருக்காது என்று எண்ணிவிட வேண்டாம். சிறுவயது ஆஸ்துமாவில் தூசிப்பூச்சி, மகரந்தம், அதற்கு எதிரான ஐஜிஇ, அதன் வழியே ஈசினோபில் என்று போகும். முதுமையில் தொடங்குவதில் அந்தப் பாதை பெரும்பாலும் இருக்காது. மூச்சுக்குழாயின் உள்வரிச் செல்களே புகையாலோ வைரஸாலோ அடிபட்டு டிஎஸ்எல்பி, ஐஎல்-33 போன்ற அபாயச் சங்கேதங்களை வெளியிடும். அவை இரண்டாம் வகை உள்ளார்ந்த லிம்ஃபாய்டு செல்களைத் தூண்டும். அந்தச் செல்களுக்கு ஒவ்வாமைப் பொருளும் வேண்டாம், ஐஜிஇயும் வேண்டாம். நேராக ஐஎல்-5, ஐஎல்-13 சுரக்கும். ஐஎல்-5 ஈசினோபில்களை வளர்த்து உயிரோடு வைக்கிறது. ஐஎல்-13 கோழைச் செல்களைப் பெருக்கி, சிறு குழாய்களைப் பசை போன்ற அடைப்பால் மூடுகிறது. அதனால்தான் தோல் சோதனை முழுக்க நெகட்டிவாக வந்தவரிடம் ஈசினோபில் 500, 600 என்று நிற்கும். மூக்கில் பாலிப் (சதை வளர்ச்சி), வாசனை இழப்பு இரண்டும் இந்த வகையின் கூட்டாளிகள். பாலிப்பில் குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸின் நச்சு இந்த அழற்சியை ஊதிவிடுகிறது என்பதற்கும் சான்றுகள் உண்டு. வாசனை தெரியவில்லை என்று நீங்கள் எழுதிய ஒரு வரிக்கு அந்த 112-ஐவிட எடை அதிகம்.

மருந்தாளுநர்_24:

எட்டு மாதம் ரோட்டாகேப் போட்டும் பலன் இல்லை என்றால், மருந்தை மாற்றும் முன் உங்கள் கண் முன்னால் ஒரு தடவை போடச் சொல்லுங்கள். கேப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாத்திரைச் சீட்டோடு சேர்த்து எழுதி, "இருவேளை" என்று மட்டும் போட்டுக் கொடுத்தால் அதுதான் நடக்கும்.

விழுங்கவில்லை என்றாலும் பவுடர் கருவிக்கு நோயாளியின் மூச்சுதான் எஞ்சின். உறிஞ்சும் வேகம் நிமிடத்துக்கு 30 லிட்டருக்குக் குறைந்தால் பவுடர் நுண்துகளாக உடையாமல் கட்டியாகவே தொண்டையில் ஒட்டும். நிமிடத்துக்கு 60 இருந்தால் நல்லது. 48 கிலோ எடை, மெலிந்த தசை, அடைப்போடு இருக்கும் நுரையீரல், இவற்றோடு வேகமாக உறிஞ்சுவது கடினம், அதுவும் இழுப்பு வந்திருக்கும் நேரத்தில். இழுத்த பிறகு கேப்ஸ்யூலைத் திறந்து பாருங்கள், பாதி மருந்து உள்ளேயே இருந்தால் பதில் கிடைத்துவிட்டது. கருவிக்குள் வாய் வைத்து மூச்சு விட்டாலும் ஈரம் பட்டு பவுடர் கட்டிதட்டும். கடலோர ஊர்களில் கேப்ஸ்யூலை டப்பாவிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைத்தால் அது பதத்துப்போய் சரியாக உடையாது.

அதே மருந்து, பியூடசொனைடு 200 ஃபார்மோட்டிரால் 6, பம்ப் இன்ஹேலராகவும் கிடைக்கிறது. வால்வு வைத்த ஸ்பேசரோடு கொடுங்கள். புதிதானாலும், ஒரு வாரம் தொடாமல் வைத்திருந்தாலும், முதலில் காற்றில் இரண்டு பஃப் அடித்து விட வேண்டும். நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் செருகி, உதட்டால் இறுக மூடி, ஒரே ஒரு பஃப். மெதுவாக நான்கைந்து விநாடி இழுத்து, முடிந்தால் பத்து விநாடி நிறுத்தி விட வேண்டும். நிறுத்த முடியாதவர்கள் ஸ்பேசரிலேயே ஐந்து தடவை சாதாரணமாக மூச்சு வாங்கி விட்டால் போதும். அடுத்த பஃபுக்கு மறுபடி குலுக்க வேண்டும். இரண்டு பஃபையும் ஒன்றாக அடித்து ஒரே மூச்சில் இழுப்பது அடிக்கடி பார்க்கும் தவறு. துகள்கள் மோதி ஸ்பேசர் சுவரிலேயே படிந்துவிடும்.

விரல் மூட்டு வலிக்கு ஒற்றைக் கையால் அழுத்த முடியாது. இரண்டு கட்டைவிரலையும் மேலே வைத்து அழுத்தலாம், அல்லது வீட்டில் ஒருவர் அழுத்தலாம். பல் இல்லாமல் உதடு மூடவில்லை என்றால் மாஸ்க் வைத்த ஸ்பேசர். மாதம் ஒரு முறை பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் நனைத்து எடுத்து, துடைக்காமல் நிழலில் உலரவிட வேண்டும். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், பல்செட் இருந்தால் கழற்றிக் கழுவ வேண்டும். வாயில் வெண்படலம் வந்தவர்களில் பாதிப் பேர் செட்டைக் கழற்றாமல் கொப்பளிப்பவர்கள்தான்.

120 பஃப் டப்பா, இரண்டு பஃப் இருவேளை என்றால் 30 நாள். டப்பாவில் முடியும் தேதியை மார்க்கரால் எழுதிக் கொடுங்கள். காலி டப்பாவும் குலுக்கினால் சத்தம் போடும், வாயு மட்டும் வரும்.

தாலுகா_ஓபி:

நன்றி. மூன்று தகவல்கள்.

ஒன்பது மாதத்துக்கு முன் கண்புரை ஆபரேஷனுக்கு எடுத்த சிபிசி கிடைத்தது: 8,400, ஈசினோபில் 6%, ஆக 504. அப்போது ஸ்டீராய்டு எதுவும் இல்லை. அதே கண் சீட்டில் க்ளாக்கோமாவுக்கு (கண் அழுத்த நோய்) டிமோலோல் 0.5% சொட்டு இருவேளை, நான்கு வருடமாக. பிரஷருக்கு அம்லோடிபின் மட்டும். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்குகிறார், மாதத்தில் சில நாள்.

ரோட்டாகேப் போட்டுக் காட்டச் சொன்னோம். விழுங்கவில்லை, ஆனால் கேப்ஸ்யூலில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

அப்படியானால் எல்லாமே டிமோலோல் செய்த வேலையா?

நெஞ்சகம்_எம்டி:

எல்லாமே இல்லை. டிமோலோல் அழற்சியை உண்டாக்காது. இருக்கும் குழாயைச் சுருக்கும், சால்புட்டமாலை வேலை செய்ய விடாமல் தடுக்கும். கண்ணில் விட்ட சொட்டு கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி, கல்லீரலைத் தொடாமலே நேராக ரத்தத்தில் கலப்பதால் அளவு சிறிதானாலும் நுரையீரலுக்குப் போதும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது கூடவே கூடாது. நான்கு வருடச் சொட்டு, மூன்று வருட வீசிங் என்ற வரிசையையும் கவனியுங்கள். ஆனால் 504 ஈசினோபிலையும் வாசனை இழப்பையும் டிமோலோலால் விளக்க முடியாது. அடியில் ஈசினோபில் அழற்சி, மேலே பீட்டா பிளாக்கர் வகையான டிமோலோல். இரண்டும் உண்டு.

சொட்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கண் அழுத்தம் ஏறினால் பார்வை போகும். கண் மருத்துவரிடம் இன்றே பேசி லாட்டனோபிராஸ்ட் போன்ற வேறு வகைக்கு மாற்றச் சொல்லுங்கள். பீட்டாக்சோலோல் நுரையீரலை அதிகம் தொடாமல் தேர்ந்து வேலை செய்யும் வகை என்று யாராவது சொன்னாலும், இவருக்கு வேண்டாம்.

க்ளாக்கோமா என்றதும் இன்னொன்று. டியோலினில் இப்ராட்ரோபியம் இருக்கிறது. மாஸ்க் வழியாக வைத்தால் பனி கண்ணில் படும், கண் பாப்பா விரியும், கண்ணின் வடிகால் கோணம் குறுகியவருக்கு அழுத்தம் திடீரென ஏறும். மாஸ்க்கை எடுத்துவிட்டு மவுத்பீஸ் கொடுங்கள். ஸ்பேசர் பழகிய பின் வீட்டில் நெபுலைசரே தேவைப்படாது.

டைக்ளோஃபெனாக் போட்டு அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகி வீசிங் வருகிறதா என்று கேளுங்கள். வாசனை இழப்பு, தாமதமாகத் தொடங்கிய ஆஸ்துமா, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் ஆஸ்பிரின் வகை மிகை உணர்வை நினைக்க வேண்டும். தெளிவாகும் வரை பாராசிட்டமால் 500 மி.கி. போதும், ஒரே வேளையில் 1,000 வேண்டாம். ஈஎன்டியில் மூக்கு எண்டோஸ்கோப்பி கேளுங்கள்.

504-க்கு நம் ஊரில் வேறு காரணங்களையும் தள்ளிவிட வேண்டும். 3,000-ஐத் தாண்டியிருந்தால் யானைக்கால் புழுவால் வரும் வெப்பமண்டல ஈசினோபிலியாவை நினைத்திருப்பேன். டிஇசி (புழு மருந்து) எடைக்குக் கிலோவுக்கு 6 மி.கி. வீதம் மூன்று வாரம் என்று அதற்குத் தனி வழி. இவருக்கு அது பொருந்தவில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைக்கான ஐஜிஇ ஒரு தடவை பாருங்கள். மொத்த ஐஜிஇ 140 என்பது பூஞ்சை ஒவ்வாமை நோய்க்கான 500-க்கு வெகு கீழே, அதனால் பெரிய சந்தேகம் இல்லை. கால் மரத்துப்போதல், விரல் தொங்குதல், தோலில் ஊதாப் புள்ளி, சிறுநீரில் புரதம் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்து ஈசினோபிலும் 1,000-ஐத் தாண்டினால் அது ரத்தக்குழாய் அழற்சி நோய், ஆஸ்துமாவாக வேடம் போட்டு வரும். வெறுங்காலோடு வயல் வேலை செய்தவர் என்றால் ஸ்டிராஞ்சிலாய்ட்ஸ் புழுவை மறக்க வேண்டாம். அல்பெண்டசோல் ஒரு மாத்திரை அதற்குப் போதாது, ஐவர்மெக்டின் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் வேண்டும். ஸ்டீராய்டு மேல் ஸ்டீராய்டு கொடுத்தால் அந்தப் புழு உடம்பெங்கும் பரவி ஆளையே கொல்லும்.

அசித்ரோமைசின்: இப்போது வேண்டாம். 2017-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 500 மி.கி. வாரம் மூன்று நாள், 48 வாரம் கொடுத்ததில் திடீர் மோசமாதல் குறைந்தது உண்மை. ஆனால் பலன் ஈசினோபில் வகைக்கும் கிடைத்தது, மற்றதற்கும் கிடைத்தது. ஆகவே அதை நியூட்ரோபில் மருந்து என்று நினைப்பதே தவறு. அதில் சேர்ந்தவர்கள் இன்ஹேலரைச் சரியாகப் போட்டும் அடங்காதவர்கள். உங்கள் நோயாளிக்கு இன்ஹேலர் இன்னும் உள்ளேயே போகவில்லை. பின்னால் தேவைப்பட்டால் ஈசிஜியில் க்யூடி இடைவெளி, காது கேட்கும் திறன், சளியில் காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா மூன்றையும் பார்த்த பிறகுதான்.

கிராம_கிளினிக்:

மற்றதெல்லாம் சரி சார். டெரிபிலினை யாரும் தொடவில்லையே? மாதம் முழுக்கச் சில பத்து ரூபாயில் முடிகிற மருந்து. பம்ப், ஸ்பேசர் எல்லாம் வாங்கு என்றால் பாதிப் பேர் அடுத்த மாதம் வர மாட்டார்கள். குறைந்த அளவு தியோஃபிலின் ஸ்டீராய்டின் வேலையைக் கூட்டும், நியூட்ரோபிலையும் குறைக்கும் என்று படித்திருக்கிறோம்.

நெஞ்சகம்_எம்டி:

ஆய்வகத்தில் அப்படித் தெரிந்தது, உண்மைதான். 2018-இல் பிரிட்டனில் சிஓபிடி நோயாளிகளுக்கு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டோடு குறைந்த அளவு தியோஃபிலினைச் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வில் மோசமாதல் குறையவில்லை. முதியவர்களிடம் தியோஃபிலின் உடம்பை விட்டு வெளியேறுவது மெதுவாகும். இதயம் பலவீனமானால் இன்னும் மெதுவாகும். இதோடு சிறுநீர்த் தொற்றுக்கு யாராவது சிப்ரோஃப்ளாக்சசின் எழுதினால் ரத்த அளவு எகிறி வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை போகும். க்ளாரித்ரோமைசினும் அப்படித்தான். ரத்த அளவு பார்க்க வசதி இல்லாத இடத்தில் 67 வயதுக்காரருக்குத் தொடரச் சொல்ல மாட்டேன்.

பணம் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். அதற்கு என் பதில் மற்ற மூன்றையும் நிறுத்துவது: டெரிபிலின், வீட்டு டியோலின், பலன் தெரியாத மான்டிலுகாஸ்ட். மான்டிலுகாஸ்ட்டை ஆஸ்பிரின் கேள்வி தீரும்வரை நான்கு வாரம் வைத்துப் பார்க்கலாம். தூக்கம், மனநிலை மாறினால் உடனே நிறுத்த வேண்டும். மிச்சப்படும் காசு பம்புக்குப் பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்பேசர் ஒரு முறைச் செலவு.

மருந்தாளுநர்_24:

ஸ்பேசர் வாங்கவே முடியாதவர்களுக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் அளவுக்கு இறுக்கமாகத் துளையிட்டு, மூடி இருந்த பக்கத்தில் வாய் வைத்து இழுக்கலாம். வால்வு கிடையாது, அதனால் பஃப் அடித்த உடனே இழுத்தாக வேண்டும். புதுப் பாட்டிலில் முதலில் சில பஃப் அடித்து உட்சுவரில் மருந்து படியவிட்டால் பிறகு ஒட்டுவது குறையும். வெட்டிய விளிம்பில் பிளாஸ்டிக் தூள் இல்லாமல் கழுவ வேண்டும்.

தாலுகா_ஓபி:

பிரெட்னிசோலோன் நாளையோடு ஐந்து நாள். குறைத்துக் குறைத்து நிறுத்த வேண்டுமா? அடுத்து எப்போது என்ன பார்ப்பது? கூப்பிட்டுக் கேட்டால் "மூச்சு நல்லா இருக்கு" என்றுதான் சொல்கிறார்.

நெஞ்சகம்_எம்டி:

இரண்டு வாரத்துக்குக் குறைவாகக் கொடுத்த பிரெட்னிசோலோனைப் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. ஐந்திலிருந்து ஏழு நாள், நிறுத்திவிடலாம். இதற்கு முன் எத்தனை முறை இப்படி ஐந்து நாள் கோர்ஸ் போனது என்று கேட்டு எழுதி வையுங்கள். 40 மி.கி. ஐந்து நாள் என்றால் 200 மி.கி.; ஐந்து தடவையில் ஒரு கிராம். வாழ்நாளில் நான்கைந்து கோர்ஸ் ஆனதுமே எலும்புத் தேய்வு, கண்புரை, சர்க்கரை, இதயச் செயலிழப்பு இவற்றின் ஆபத்து ஏறத் தொடங்குகிறது. சர்க்கரை பார்க்கும்போது காலை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் நார்மலாக ஏமாற்றும். காலையில் போட்ட பிரெட்னிசோலோன் சாயங்காலம்தான் சர்க்கரையை ஏற்றும்.

பம்ப் 200/6 இரண்டு பஃப் இருவேளை ஸ்பேசரோடு. இடையில் இறுக்கம் வந்தால் அதிலேயே ஒரு பஃப் கூடுதலாக. ஒரு நாளில் எல்லாம் சேர்த்து 12 பஃப் உச்ச எல்லை. ஆனால் இந்த வயதில் ஆறேழைத் தொட்டாலே வரச் சொல்லுங்கள், படபடப்பும் பொட்டாசியம் குறைவதும் கவலை.

"மூச்சு நல்லா இருக்கு" என்பதை நம்ப வேண்டாம். வயதானால் மூச்சுக்குழாய் சுருங்குவதை உணரும் திறன் மங்கிவிடும். கூடவே, இரைக்கும் வேலையை அவர்களே விட்டுவிடுவார்கள். "இரைக்குதா?" என்று கேட்பதைவிட, மொட்டை மாடிக்குத் துணி காயப்போட இப்போது போகிறீர்களா, கோயிலுக்கு நடக்கும்போது எங்கே நிற்கிறீர்கள், ராத்திரி எத்தனை தலையணை என்று கேளுங்கள். பீக் ஃப்ளோ மீட்டர் கொடுத்து காலை, மாலை மூன்று முறை ஊதி அதிகமானதை இரண்டு வாரம் எழுதச் சொல்லுங்கள். காலை 180, மாலை 220 என்றால் வித்தியாசம் 40, சராசரி 200, ஏற்ற இறக்கம் 20%. இரண்டு வாரச் சராசரி 10%-க்கு மேல் என்றால் ஆஸ்துமாவுக்கு இன்னொரு சாட்சி.

சொட்டு மாறி, பம்ப் தொடங்கி நான்கு வாரத்தில் ஸ்பைரோமெட்ரியும் சிபிசியும். அந்த ஊர்ப்பக்கம் எங்காவது ஃபெனோ கருவி (ஊதும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடை அளப்பது) இருந்தால் ஸ்பைரோமெட்ரிக்கு முன்பே ஊதச் சொல்லுங்கள். 50 பிபிபி-க்கு மேல் என்றால் ஈசினோபில் அழற்சி இன்னும் அடங்கவில்லை அல்லது மருந்து உள்ளே போகவில்லை. 25-க்குக் கீழ் என்றால் அடங்கியிருக்கிறது. அன்று காலை கீரை, பீட்ரூட் சாப்பிட்டு வந்தால் எண் கூடும். மூன்று மாதம் அடங்கியே இருந்தால் ஒரு பஃப் இருவேளைக்கு இறக்குங்கள், முழுக்க நிறுத்தாதீர்கள்.

இதற்கிடையில் இன்ஃப்ளூயன்சா ஊசியும் நிமோகாக்கல் ஊசியும் போட்டுவிடலாம். பிரெட்னிசோலோன் ஐந்து நாள் ஓடியது அதற்குத் தடை இல்லை.

ஸ்லைடு_பார்ப்பவர்:

ரெஃபர் செய்யும் நிலை வந்தால், வருடத்தில் இரண்டு கோர்ஸுக்கு மேல் பிரெட்னிசோலோன் போனால் மெபோலிசுமாப், பென்ராலிசுமாப் மாதிரி ஐஎல்-5 வழி ஊசிகளைப் பற்றிப் பேச்சு வரும். தாமதமாகத் தொடங்கி, பாலிப்போடு, ஈசினோபில் கூடி நிற்பவர்களிடம்தான் அவை நன்றாக வேலை செய்கின்றன. அங்கே முதலில் கேட்பது ஸ்டீராய்டு இல்லாதபோது எடுத்த ஈசினோபில் எண்ணைத்தான். கண் ஆஸ்பத்திரியின் அந்த சிபிசி காகிதத்தை நகல் எடுத்து, மேலே "ஸ்டீராய்டுக்கு முன்" என்று எழுதி கேஸ் ஷீட்டில் குத்தி வையுங்கள்.